குளிரூட்டல் சமன்செய்தல் பயிற்சி

கட்டடங்களின் குளிரூட்டல், சூடேற்றல், காற்றோட்ட அமைப்புகளில் ஓடும் காற்றையும் நீரையும் அளந்து, வடிவமைப்பில் குறித்த அளவுக்குக் கொண்டுவரத் தொழில்நுட்பர்களைப் பழக்குவதே சமன்செய்தல் பயிற்சி. தொழிலில் இந்த வேலையை ‘டேப்’ என்பார்கள். சோதித்தல், சீராக்கல், சமன்செய்தல் என்ற மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் இது. ஒரே மாடியில் ஓர் அறையில் இருப்பவர் ஸ்வெட்டர் போட்டிருக்க, இன்னோர் அறையில் இருப்பவர் மேஜைவிசிறியோடு உட்கார்ந்திருந்தால், பழியை இயந்திரத்தின் மீது போடுவதுதான் வழக்கம். பல நேரங்களில் குறை இயந்திரத்தில் இருக்காது. அது தரும் குளிர்காற்று சரியாகப் பங்கிடப்பட்டிருக்காது.

இந்த வேலை தனித் தொழிலாக வேர்பிடித்த இடங்களில் முதன்மையானது அமெரிக்கா. காற்றுச் சமன்செய்யும் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏஏபிசி 1965இல் தொடங்கியது; நெப் எனப்படும் தேசிய அமைப்பு 1971இல் வந்தது. உலோகத் தகட்டுத் தொழிலாளர்களைச் சார்ந்து டேப்-பி என்ற சான்றளிப்பு அமைப்பும் இயங்குகிறது. பிரிட்டனில் சிப்ஸி அமைப்பின் நெறிநூல்கள் காற்றுக்கும் நீருக்கும் தனித்தனியே வழி சொல்கின்றன.

பயிற்சியின் முதல் பாடம், கருவியைத் தொடுமுன் பார்ப்பது. ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா, காற்றைக் கட்டுப்படுத்தும் டேம்பர்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, விசிறி சரியான பக்கம் சுற்றுகிறதா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். கடைசிக் கேள்வி புதியவர்களை நன்றாக ஏமாற்றும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர்கள் இடம் மாறினால் மையவிலக்கு விசிறி தலைகீழாகச் சுற்றும். ஆனால் காற்று அதே திசையில்தான் வரும், அளவு மட்டும் குறைந்திருக்கும். கையை நீட்டிப் பார்ப்பவர் ‘காற்று வருகிறது’ என்று திருப்திப்பட்டுப் போய்விடுவார்.

அடுத்தது, காற்று செல்லும் டக்ட்டுக்குள் அதை அளப்பது. 1732இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பித்தோ சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்கப் பயன்படுத்திய குழாயின் வழிவந்ததே இன்றும் கையில் இருக்கிறது. டக்ட்டின் குறுக்குவெட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குழாயை நீட்டி வேக அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 1.29ஆல் பெருக்கினால், சாதாரணக் காற்றுக்கு, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். சறுக்குமிடமும் இதுதான். ஓரிடத்தில் 4 பாஸ்கல், இன்னோரிடத்தில் 16 பாஸ்கல் என்றால், வேகங்கள் 2.58, 5.16, சராசரி 3.87. அழுத்தங்களை முதலில் சராசரியாக்கி 10 என்று எடுத்துக்கொண்டால் 4.08 வரும். வராத காற்று ஏறத்தாழ 5% வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். மாணவர்களிடம் இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் போடவைத்துக் காட்டும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

பயிற்சியின் இதயம் விகிதச் சமன்செய்தல். ஒரே கிளையில் மூன்று கிரில்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 200 லிட்டர் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விசிறிக்கு அருகிலுள்ளது 260, நடுவிலுள்ளது 200, கடைசியிலுள்ளது 120 தருகிறது. புதியவர் முதல் கிரிலை 200க்கு இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். போன கணமே முதலாவது மாறிவிடும், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் நகரும். முறை வேறு: 60% மட்டும் பெறும் கடைசிக் கிரிலை அளவுகோலாக வைத்து அதைத் திறந்தே விட வேண்டும். நடுவிலுள்ளதை மெல்ல மூட மூட அது இறங்கும், கடைசியிலுள்ளது ஏறும். இரண்டும் ஒரே விகிதத்துக்கு வரும்போது நிறுத்த வேண்டும். பிறகு முதலாவதைக் கடைசியோடு ஒப்பிட வேண்டும். 200 என்ற எண்ணை இப்போது தேடவே கூடாது. மூன்றும் ஒரே விகிதத்தில் இருந்தால் போதும். மொத்தக் காற்று குறைந்தால் இறுதியில் விசிறி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வேகத்தை 10% கூட்டினால் மின்திறன் 33% ஏறும். ஆகவே மோட்டாரின் ஆம்ப்ஸைப் பெயர்ப்பலகை அளவோடு ஒப்பிடாமல் புல்லியை மாற்றக் கூடாது.

நீர்ப்பக்கத்தில் வெப்பநிலையை மட்டும் நம்பக் கூடாது. வெந்நீர்ச் சுருளில் பாதி நீர் ஓடினாலும் ஏறத்தாழ 90% வெப்பம் கிடைத்துவிடும். அறை சுகமாக இருப்பதை வைத்து நீரோட்டம் சரி என்று முடிவுகட்டினால், ஓரிடத்தில் வீணாக ஓடும் நீர் இன்னோரிடத்துக்குப் போகாது. அதனால் சமன்செய்யும் வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாட்டை அளந்து நீரோட்டத்தைக் கணக்கிடப் பழக்குகிறார்கள்.

கட்டுப்பாட்டுக் கருவியைச் சீராக்குவது தனிப் பாடம். வால்வு ஓயாமல் திறந்து மூடினால் அதை ‘ஹன்டிங்’ என்பார்கள். கருவியைச் சீராக்கச் சீக்லரும் நிக்கல்ஸும் 1942இல் வெளியிட்ட விதிகள் இன்றும் பாடத்தில் உண்டு. எனினும், மெதுவாகச் சூடாறும் அறைகளுக்கு அவை தரும் எண்கள் பெரும்பாலும் முரட்டுத்தனமானவை. உணர்கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் எண்களை மாற்றுவது வீண்வேலை.

மருத்துவமனைகளில் இதே வேலை உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. காற்றால் பரவும் நோயுள்ளவரின் தனிமை அறை, அதையொட்டிய வெளிப்பகுதியைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் தாழ்வான அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மூடிய கதவின் அடியிடுக்கில் பயிற்சியாளர் புகைக்குழலைப் பிடிக்கிறார். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே வந்தால், அறிக்கையில் கருவி காட்டிய எண்ணையே எழுதி, வரம்புக்குள் வரவில்லை என்றும் அதற்கு என்ன காரணம் என்றும் குறிக்கச் சொல்லித் தருகிறார்கள்.