ஒலியைப் படிக்கும் எழுத்தாணி

ஓலையில் எழுதிய காலத்துத் தமிழர்க்கு எழுத்தாணி எழுதும் கருவி. படிக்கும் கருவி கண். ஓர் ஏட்டை ஆயிரம் முறை படித்தாலும் கண் பட்டு அது தேய்வதில்லை. இசைத்தட்டின் இயல்பு வேறு. அதனை எழுதுவதும் ஒரு கூர்முனை. படிப்பதும் ஒரு கூர்முனை. படிக்கும் முனை மிகுதியாக அழுத்தினால் எழுத்தே அழிந்துவிடும்; பொருந்தாத முனையாயின் எழுத்தைப் பிழைபடப் படிக்கும். ஒலியைப் பதிவு செய்யும் வழி கண்டவர்கள் பெரும்புகழ் பெற்றனர். அப்பதிவைக் கெடாமல் படிக்கும் வழியைத் தேடியவர்களின் உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று. கிராமபோன் முள் என்று எளிதாகச் சொல்லப்படும் அச்சிறு பொருளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது. பழைய இசைத்தட்டுகளை வீட்டில் வைத்திருப்போர் இதனை அறிதல் இன்றியமையாதது. அத்தட்டுகளின் ஆயுள் இவ்வறிவையே சார்ந்திருக்கிறது.

எழுதத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை

ஒலியை முதன்முதல் எழுதியவர் எடிசன் அல்லர். பிரான்சு நாட்டு அச்சுத் தொழிலாளரான எதுவார் லெயோன் ஸ்கோ என்பார் 1857ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் கருவியொன்று செய்து உரிமை பெற்றார். விளக்குப் புகை படிந்த தாளின்மேல் பன்றிமயிர் ஒன்று ஒலியின் அசைவுக்கேற்பக் கோடு கிழித்தது. ஒலியின் வடிவைக் கண்ணால் காண்பதே அவர் நோக்கம். அக்கோட்டிலிருந்து ஒலியை மீண்டும் எழுப்பலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. அவர் 1860இல் பதிந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டு 148 ஆண்டுகள் ஊமையாகவே கிடந்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தாளைப் படமெடுத்துக் கணிப்பொறியின் உதவியால் படித்தனர். முதலில் அது ஒரு பெண்ணின் குரல்போல் கேட்டது. மறு ஆண்டில்தான் உண்மை புலப்பட்டது: இருமடங்கு வேகத்தில் படித்துவிட்டனர், அஃது ஓர் ஆடவரின் குரல், பெரும்பாலும் ஸ்கோவின் குரலே. எழுத்து சரியாயிருந்தும் படிப்பு பிழைபட்டால் ஆண் பெண்ணாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எழுதியதைப் படிக்கவும் செய்தவர் எடிசன். 1877இல் அவர் செய்த கருவியில் வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையின்மேல் முனையொன்று மேலும் கீழுமாக அசைந்து பள்ளமிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் கிராமபோனுக்கு உரிமை பெற்றார். அவர் முறையில் வரிப்பள்ளத்தின் ஆழம் மாறுவதில்லை. முனை இடமும் வலமுமாக அசையும். அவர் பின்னர் உருளையை விட்டுத் தட்டையான தட்டினைக் கைக்கொண்டார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் படியெடுக்கத் தட்டே ஏற்றதாதலின், உலகம் பெர்லினர் வழியே சென்றது.

அரக்கும் எஃகும்

அந்நாளைய தட்டு அரக்கினால் ஆனது. அவ்வரக்கின் பெரும்பகுதி இந்திய நாட்டுக் காடுகளில் பூச்சிகள் தந்தது. அதனோடு கல்தூளும் கலந்தனர். தூள் எதற்கு? முள்ளைத் தேய்ப்பதற்கே! அக்காலத்துக் கிராமபோனில் ஊதுகுழலோடு இணைந்த சவுண்டு பாக்ஸ் முழுவதையும் முள்ளே தாங்கியது. அதன் பாரம் 100 கிராமுக்கும் மேற்பட்டது. மின்சாரம் இல்லாமல், முள்ளின் அசைவு ஒன்றினாலேயே கூடம் நிறைய ஒலி எழவேண்டுமாதலின் அவ்வளவு பாரம் தேவைப்பட்டது. எஃகு முள்ளைத் தட்டில் வைத்தவுடன் முதற் சில சுற்றுகளில் கல்தூள் அதன் நுனியை அரைத்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்யும். பின்னர் அம்முள் மேலும் தேய்ந்து, உளிபோலாகித் தட்டைச் செதுக்கத் தொடங்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்ற விதி ஏற்பட்டது. சிறு தகரப் பெட்டிகளில் முட்கள் விற்கப்பட்டதும் அதனாலேயே. சிக்கனம் கருதி ஒரே முள்ளால் பத்துத் தட்டுகள் கேட்டவர்கள், முள்ளை மிச்சப்படுத்தித் தட்டை இழந்தனர். மூங்கில் முள்ளும், சப்பாத்தி இன முள்ளும் தட்டுக்கு இரங்கியவர்கள் கண்ட மாற்று. ஒலி சற்றுத் தணியும், தட்டு பிழைக்கும்.

1902இல் கெய்ஸ்பெர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். அப்பதிவுகள் செருமனியின் ஹனோவர் நகருக்குச் சென்று தட்டாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தோன்றியது. தமிழ்நாட்டு மேடைக் குரல்களும் நாகசுரமும் அரக்குத் தட்டில் ஏறின. 1933ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை இன்று கேட்க முடிவது அத்தட்டுகளின் வாயிலாகவே. ஒவ்வொரு தட்டும் இனி ஒரு மூல ஏடு என்று கருதத்தக்கது.

பாரம் குறைந்த கதை

1925இல் மின்முறைப் பதிவு வந்தது. ஒலியை மின்சாரம் பெருக்கித் தருமாதலின் முள் இனி உழைப்பாளியாக இருக்கவேண்டியதில்லை. தூதுவனாக இருந்தாற் போதும். முள்ளின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் சிறு உறுப்பே பிக்கப் என்றும், பின்னர்க் கார்ட்ரிட்ஜ் என்றும் பெயர் பெற்றது. முதலில் வந்தவை சவுண்டு பாக்ஸினும் பாரம் குறைந்தவையல்ல. 1930களில் படிகப் பிக்கப் பரவியது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இலேயே கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்டிருந்தனர். இதற்குப் பயன்பட்ட ரோஷெல் உப்பு மலிவானது. பெரிய மின்னோட்டம் தருவது. ஆயினும் வெயிலும் ஈரமும் அதற்குப் பகை. வெப்பநாடுகளில் பழைய ரேடியோகிராம் பல ஊமையானதற்கு அவ்வுப்பு கெட்டதும் ஒரு காரணம். பின்னர் வந்த பீங்கான் வகை அக்குறையை நீக்கியது.

1948ஆம் ஆண்டு சூன் திங்களில் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. அரக்குக்கு மாறாக வினைல். நிமிடத்துக்கு 78 சுற்றுக்கு மாறாக 33⅓ சுற்று. கல்தூள் இல்லாத மென்பொருளாதலின் இரைச்சல் அடங்கியது. ஆயின் அம்மென்மையே அதற்கு இடரும் ஆயிற்று. பழைய தட்டுக்கு ஏற்ற முள்நுனியின் ஆரம் 75 மைக்ரான் அளவு. நெடுந்தட்டுக்கு 25 மைக்ரான். பாரமோ சில கிராம்களே. எஃகு நீங்கி நீலக்கல்லும் வைரமும் நுனிக்கு வந்தன. 22 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் தட்டு 733 முறை சுழல்கிறது. முள் நடக்கும் வழி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். நாள்தோறும் இப்பயணம் செல்லும் நுனிக்கு வைரமே தகும்.

இரு வழக்கும் இணைந்தன

எடிசனின் மேல்கீழ் அசைவுக்கும் பெர்லினரின் இடவல அசைவுக்கும் இருந்த வழக்கு விந்தையான முறையில் தீர்ந்தது. இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931இல் ஓர் உரிமை வேண்டி விண்ணப்பித்தார். வரிப்பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்து நிற்க, ஒரு சுவரில் இடப்புற ஒலியும் மறுசுவரில் வலப்புற ஒலியும் எழுதலாம் என்பது அவர் கண்ட வழி. அங்ஙனம் எழுதினால் முள் இடவலமாகவும் அசையும், மேல்கீழாகவும் அசையும். இரு முறைகளும் ஒரே பள்ளத்தில் கூடின. 1942இல் போர்க்கால ரேடார் சோதனைப் பறப்பில் விமானம் விழுந்து புளூம்லைன் மாண்டார். அவர் வழியில் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958இல்தான்.

இங்குத்தான் இல்லங்களில் பெருந்தவறு நேர்ந்தது. பழைய கார்ட்ரிட்ஜின் முள் பக்கவாட்டில் மட்டுமே அசையும். மேல்கீழாக வளைந்து கொடாது. அதனை ஸ்டீரியோ தட்டில் வைத்தால் மேடு பள்ளங்களை உழுதுவிடும். ஒரே முறை ஓட்டியதில் கெட்ட தட்டுகள் உண்டு.

ஸ்டீரியோவுக்கெனக் கார்ட்ரிட்ஜ் இரு பெரும் வகையாக வளர்ந்தது. ஒன்றில் முள்ளோடு சிறு காந்தம் அசையும், கம்பிச்சுருள் நிலையாக நிற்கும். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1958இல் வெளியிட்டது இவ்வகை. மற்றதில் சுருள் அசையும், காந்தம் நிற்கும். டென்மார்க்கின் ஆர்ட்டோபோன் நிறுவனமும், சப்பானிய வானொலியாகிய என்.எச்.கே.யுடன் சேர்ந்து டெனான் நிறுவனமும் இவ்வகையில் பெயர் பெற்றன. காந்தம் அசையும் வகையில் முள் தேய்ந்தால் முள்ளை மட்டும் மாற்றலாம். மின்னோட்டமும் போதிய அளவு கிடைக்கும். சுருள் அசையும் வகை நுண்ணொலிகளைத் தெளிவாகக் காட்டுவதெனப் போற்றப்படுவது. ஆயின் அதன் மின்னோட்டம் மிகச் சிறிது, தனிப் பெருக்கி வேண்டும், முள்ளை வீட்டில் மாற்றுதலும் பெரும்பாலும் இயலாது. புதிதாகத் தொடங்குவோர்க்கு முன்னதே ஏற்றது.

பொருத்தும் முறை

நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கினாற் போதாது. அதனை முறையாகப் பொருத்தல் வேண்டும். தட்டை வெட்டும் பொறியில் வெட்டுமுனை தட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் செல்கிறது. கேட்கும் பொறியின் கையோ கீலில் திரும்பும் கதவுபோல வட்டவில்லில் செல்கிறது. நேர்கோட்டில் எழுதியதை வளைகோட்டில் படித்தால் பிழை நேராதிருக்குமா? இதனை 1924இல் பெர்சி வில்சன் என்பார் 'தி கிராமபோன்' இதழில் எடுத்துக்காட்டினார். 1938இல் சுவீடனின் லோஃப்கிரென் இப்பிழையால் ஒலி எவ்வளவு கெடும் என்பதைக் கணித்தார். 1941இல் பேர்வால்டு அதே முடிவை மேலும் விளக்கினார். முள்நுனி தட்டின் நடு அச்சினைச் சிறிது கடந்து நிற்கவேண்டும். கார்ட்ரிட்ஜ் உட்புறமாகச் சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். அப்போது தட்டில் இரண்டு இடங்களில் பிழை சூனியமாகும். ஏனைய இடங்களில் மிகக் குறையும். இன்று கார்ட்ரிட்ஜைப் பொருத்துவோர் பயன்படுத்தும் கோணமானி அட்டையில் அவ்விரண்டு புள்ளிகளே குறிக்கப்பட்டுள்ளன. பள்ளிக்கூடத்து வடிவகணிதம் பாட்டுக்குத் துணைவரும் இடம் இது.

அடுத்தது பாரம். 1960களில் நல்ல கார்ட்ரிட்ஜின் பாரம் 2 கிராமுக்கும் கீழே இறங்கியது. உடனே, பாரம் குறையக் குறையத் தட்டுக்கு நன்மை என்ற எண்ணம் பரவியது. இது முழுவுண்மை அன்று. வரம்புக்கு மேல் பாரம் குறைந்தால், உரத்த இடங்களில் முள் சுவரைப் பிரிந்து துள்ளும்; துள்ளியது மீண்டும் சுவரில் மோதும். ஓயாது தடவுவதைவிட இம்மோதலே தட்டுக்குப் பெருங்கேடு. ஆகவே ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் அதனைச் செய்தவர் குறித்த எல்லைக்குள், சிறு தராசினால் அளந்து வைத்தலே முறை. அதன்பின், எதிரிலிருந்து நோக்க முள் செங்குத்தாக நிற்கிறதா, பக்கத்திலிருந்து நோக்கக் கை தட்டுக்கு இணையாக உள்ளதா என்று காணவேண்டும். சுழலும் தட்டு முள்ளை நடுவை நோக்கி இழுக்குமாதலின், அதனை ஈடுசெய்யும் எதிரிழுப்பையும் பாரத்துக்கேற்ப அமைக்க வேண்டும். கனத்த கைக்கு விறைப்பான முள், இலேசான கைக்கு நெகிழ்வான முள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது; இரண்டும் பொருந்தாவிடின், தட்டின் சிறு வளைவும் கையை ஆட்டிவிடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, தட்டறிந்து முள்ளிடுதல். நெடுந்தட்டு முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் விழுந்து தூசியை அரைக்கும். அரக்குத் தட்டின் முள்ளை நெடுந்தட்டில் வைத்தால் சுவரின் மேல்விளிம்பு சிதையும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை ஓட்டுதல் அதனைக் கொல்லுதலேயாகும்.

தட்டோடு முள்ளும்

1982இல் ஒளியால் படிக்கும் குறுந்தட்டு வந்தபின் முள்ளின் காலம் முடிந்தது என்றனர். 2018இல் ஷூர் நிறுவனமும் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்தியது. ஆயினும் 2020இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் ஈட்டிய பணம் குறுந்தட்டுகள் ஈட்டியதை விஞ்சிற்று. இளைஞர் பலர் பாட்டனார் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்குகின்றனர். அன்பினால் எடுத்து, அறியாமையால் அழிப்பதற்கும் இதுவே காலம். பரணிலிருந்து வருவது 78 சுற்றுத் தட்டானால் அதற்குரிய தடித்த முள்ளோடு மின்முறைக் கருவியில் ஒருமுறை ஓட்டி, கணிப்பொறியில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை வெயில் படாமல் நிமிர்த்தி வைத்தல் நன்று. உடைந்த தட்டையும் எறிய வேண்டியதில்லை. முள்ளே படாமல் ஒளியால் பள்ளத்தைப் படமெடுத்துப் படிக்கும் முறையைக் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்துக் கார்ல் ஹேபர் முதலியோர் கண்டுள்ளனர்.

1977இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் பொன் பூசிய இசைத்தட்டு ஒவ்வொன்றைச் சுமந்து சென்றன. மனிதர் 55 மொழிகளில் சொன்ன வாழ்த்து அதில் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. அஃது ஒரு குறையே. ஆயினும் அதனை அனுப்பியோர் செய்த ஒன்று கற்கத்தக்கது. தட்டோடு கார்ட்ரிட்ஜையும் முள்ளையும் சேர்த்தே வைத்தனர். முள்ளை எங்கே வைப்பது, எவ்வேகத்தில் சுழற்றுவது என்பதை மேலுறையில் படமாக வரைந்தனர். படிக்கும் கருவியும் முறையும் இல்லாத எழுத்து ஊமை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தமிழ்க் குரல்களைத் தாங்கிய தட்டுகளை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வோரும், அவற்றோடு ஏற்ற முள்ளையும் அதனைப் பொருத்தும் அறிவையும் சேர்த்தே விட்டுச்செல்லல் வேண்டும்.