நரம்பு வளர்ச்சிப் புரதங்கள்: ஏற்பியைத் தேர்ந்து பிணையும் திறன்

நரம்புச் செல்கள் சாகாமல் வாழவும் அவற்றின் இழைகள் நீளவும் துணைசெய்யும் சிறு புரதங்களுக்கு நியூரோட்ரோபின்கள் என்று பெயர். பாலூட்டிகளில் இவை நான்கு: என்ஜிஎஃப், பிடிஎன்எஃப், என்டி-3, என்டி-4. நான்கின் உருவமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒவ்வொன்றும் செல்லின் மேற்பரப்பில் தனக்குரிய ஏற்பியையே நாடுகிறது. இந்தத் தேர்வின் காரணம் தெளிவாக அரை நூற்றாண்டு பிடித்தது. ஆரணித் தறிகளுக்கு நூல் தரும் பட்டுப்புழுவுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு.

1948இல் எல்மர் பியூக்கர் சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் பதித்தபோது, கருவின் நரம்பிழைகள் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லெவி-மோந்தால்சினியும் விக்டர் ஹாம்பர்கரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, கட்டியிலிருந்து கசியும் ஒரு பொருளே நரம்பை வளர்க்கிறது என்று கண்டனர். அதற்கு முன்பு, முசோலினியின் இனச் சட்டம் ஆய்வுக்கூடக் கதவை மூடியபோது, டூரினில் தன் படுக்கையறையிலேயே முட்டைக் கருக்களை வைத்து ஆய்வு நடத்தியவர் ரீட்டா. அந்த விடாப்பிடி இல்லையேல் இத்துறையே இல்லை.

பொருள் எது என்று அறியும் வேலை ஸ்டான்லி கோஹனுடையது. கட்டிச் சாற்றிலுள்ள நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்க அவர் பாம்பு நஞ்சைச் சேர்த்தார். அதிலுள்ள நொதிதான் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் நரம்பிழைகள் முன்னைவிட அடர்ந்து வளர்ந்தன. நரம்பை வளர்க்கும் அந்தப் பொருள், அதாவது என்ஜிஎஃப் என்னும் புரதம், நஞ்சிலேயே செறிந்திருந்தது. நஞ்சுச் சுரப்பிக்கு இணையான சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தேடியபோது அங்கும் ஏராளமாகக் கிடைத்தது. நம் நாட்டு நாகத்தின் நஞ்சிலும் என்ஜிஎஃப் உண்டு. 118 அமினோ அமிலங்கள் கொண்ட சுண்டெலி என்ஜிஎஃப்பின் வரிசை 1971இல் வெளிவந்தது. 1986இல் ரீட்டாவும் கோஹனும் நோபல் பரிசு பெற்றனர்.

ஏற்பிகளின் கதை வேறொரு வழியில் வந்தது. 1986இல் பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றில் மரியானோ பார்பசிட் குழு கண்டறிந்த ‘ட்ராக்’ என்னும் மரபணுவின் இயல்பான பணி என்னவென்று சில ஆண்டுகள் விளங்கவில்லை. அது என்ஜிஎஃப்பின் ஏற்பி என்பது 1991இல் உறுதியானது. ட்ராக்-ஏ எனப்படும் அது என்ஜிஎஃப்பை ஏற்கிறது. அதன் உறவான ட்ராக்-பி, பிடிஎன்எஃப்பையும் என்டி-4ஐயும் ஏற்கிறது. ட்ராக்-சி, என்டி-3ஐ ஏற்கிறது. பி75 என்ற இன்னொரு ஏற்பி நான்கையும் பாகுபாடின்றி ஏற்கிறது.

1991இல் வெளியான என்ஜிஎஃப்பின் படிக அமைப்பு, இரண்டு ஒத்த சங்கிலிகள் அருகருகே பொருந்தியிருப்பதையும், ஒவ்வொன்றையும் மூன்று கந்தகப் பிணைப்புகள் ‘சிஸ்டின் முடிச்சாக’ இறுக்கியிருப்பதையும் காட்டியது. 1999இல் ஜெனென்டெக் ஆய்வாளர்கள் ட்ராக்-ஏவின் ஒரு பகுதி என்ஜிஎஃப்போடு பிணைந்த நிலையைப் படமாக்கியபோதுதான் தேர்வின் காரணம் துலங்கியது. தொடுபரப்பு இரண்டு திட்டுகளாக இருந்தது. புரதத்தின் நடுப்பகுதியில் அமைந்த திட்டு நான்கு புரதங்களுக்கும் பெரும்பாலும் பொது. மற்றொன்று சங்கிலியின் தொடக்க நுனி. தனித்திருக்கும்போது ஒழுங்கின்றி அசையும் அந்த நுனி, ட்ராக்-ஏவைத் தொட்டதும் சுருளாகி அதன்மேல் படிகிறது. இது என்ஜிஎஃப்புக்கே உரியது. ஒரே உடல் கொண்ட சேலைகளை முந்தி பிரித்துக் காட்டுவதுபோல, அடையாளம் அந்தச் சிறு நுனியில் இருக்கிறது.

இதன் கனம் நோயாளிகளிடம் தெரிகிறது. ட்ராக்-ஏ மரபணு பழுதுற்றால் பிறவியிலேயே வலியுணர்வும் வியர்வையும் இராது என்று 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2004இல் ஸ்வீடனின் ஒரு குடும்பத்தில் என்ஜிஎஃப்பிலேயே ஒரு மாற்றம் தெரியவந்தது. வலியுணர்வு குறைந்திருந்த அவர்களின் புரதம் ட்ராக்-ஏவோடு பிணைந்தது, பி75ஓடு சரிவரப் பிணையவில்லை. என்ஜிஎஃப்பின் வலி தராத மருந்து வடிவை உருவாக்கும் முயற்சிகளுக்கு இதுவே அடிப்படை. இயல்பான என்ஜிஎஃப்பை, கருவிழி நரம்பு நலிந்தோருக்கான கண் சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்கா ஏற்றது.

இனிப் பட்டுப்புழுவுக்கு வருவோம். ஆரணியில் பாவும் ஊடையுமாக ஓடும் பட்டிழை, மல்பெரித் தழை உண்ணும் பாம்பிக்ஸ் மோரி புழு கக்கியது. அதன் மூளை பிடிடிஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது முன்மார்புச் சுரப்பியின் ஏற்பியில் பிணைய, எக்டைசோன் வெளிப்படுகிறது. புழு தோலுரிப்பதும், கடைசிப் பருவத்தில் தழை தின்பதை நிறுத்திக் கூடு கட்டத் தொடங்குவதும் இதனால்தான். பூடெனாண்ட்டும் கார்ல்சனும் 1954இல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்தெடுத்த எக்டைசோன் 25 மில்லிகிராம் மட்டுமே. பிடிடிஹெச்சின் மரபணுவை 1990இல் ஜப்பானியர் கண்டனர். அதுவும் இரட்டைச் சங்கிலி. அதிலும் சிஸ்டின் முடிச்சு. என்ஜிஎஃப்பின் உருவ உறவினர் அது.

அதன் ஏற்பி டோர்சோ என்று 2009இல் பழ ஈயில் தெரிந்தது. 2015இல் பட்டுப்புழுவின் டோர்சோவும் பிடிடிஹெச்சும் பிணைந்த படிகம் வெளியானது. ஏற்பியின் வெளிப்பகுதி ட்ராக்கைப் போன்றதல்ல. பிணைப்பும் இருபுறமும் சமமாக இல்லை: ஒரு டோர்சோ இறுகப் பற்றியதும் இரண்டாவதன் பிடி தளர்கிறது. புழுக்கள் ஒரே நேரத்தில் கூடு கட்டுவதற்காக மைசூரின் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘சம்பூர்ணா’ இந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை. அது எக்டைசோனை ஒத்த தாவரப் பொருள். தழையில் தெளித்ததும் நேரே அடுத்த கட்டத்தைத் தூண்டுகிறது.