புதிய கார் ஒப்படைப்பு: பார்த்து வாங்கும் பழக்கத்தின் வரலாறு

புதிய காரைப் பெற்றுக்கொள்ளும்முன் அதை வாங்குபவரே சரிபார்ப்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். இந்தியாவில் இப்பழக்கம் அவ்வளவு பழையது அன்று.

1980களின் தொடக்கம் வரை நம் நாட்டில் வாங்கக் கிடைத்த கார்கள் மிகச் சிலவே. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை உருவாயின. 1959இல் மத்திய அரசு கார்களின் பகிர்வையும் விற்பனையையும் ஆணை பிறப்பித்துக் கட்டுப்படுத்தியது. முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், கதவு சரியாக மூடவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்புவாரா? குறையோடு ஓட்டிவந்து தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே வழக்கம். வண்டி கிடைத்ததே பெரிது.

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை ஒப்படைத்தார். 1990களின் பிற்பகுதியில் மறைமலைநகரில் போர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை அமைத்தன. அதன்பிறகுதான் வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. குறையுள்ள பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்கும் உரிமையை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே தந்திருந்தது.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் பலர் கவனியாமல் போனது. முன்பு புதிய வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சேசிஸ் எண்மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியை விண்ணப்பத்தில் ஒட்டுவார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அதை வண்டியோடு ஒப்பிடுவார். விற்பவர், வாங்குபவர் இருவரையும் சாராத ஒருவரின் கண் அது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் விற்கும் புதிய வண்டியை அவ்வாறு நேரில் காட்டத் தேவையில்லை என்றது. மாநிலத்துக்கு மாநிலம் இது வெவ்வேறு காலத்தில் நடைமுறைக்கு வந்தது. பதிவெண் பொருத்தாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பதும் அத்திருத்தத்தில் உண்டு.

இதன் விளைவை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சாவி கைக்கு வரும் நாளில் வண்டி ஏற்கெனவே நம் பெயரில் பதிவாகியிருக்கும். அன்று குறை கண்டால் பழுதுபார்த்துத் தருவார்களே தவிர, வேறு வண்டி வாங்குவது கடினம். ஆகவே பார்க்க வேண்டிய நாள் ஒப்படைப்பு நாள் அன்று. பதிவுக்கும் காப்பீட்டுக்கும் முன்னதாக, கிடங்கில், பகல் வெளிச்சத்தில்.

முதலில் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பாதிருக்க ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ அதில் இடம்பெறா. விற்பனைச் சான்றான படிவம் 21இல் இதே எண்ணும் எஞ்சின் எண்ணும் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். உற்பத்தி மாதத்தை அலட்சியம் செய்யலாகாது. 2017 மார்ச் 29 அன்று பி.எஸ்.-3 வண்டிகளின் விற்பனைக்கு ஏப்ரல் முதல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, தேங்கிய வண்டிகள் இரண்டே நாளில் பெருந்தள்ளுபடியில் விற்றன. தள்ளுபடி தெரிந்து வாங்கியவருக்கு இழப்பில்லை. நானோ ஜனவரியில் முழு விலை கொடுத்து வாங்கிய வண்டி முந்தைய ஆண்டில் செய்யப்பட்டது என்பதை, அடுத்த ஆண்டு காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் அறிந்தேன். கையெழுத்திட்ட தாளிலேயே அது இருந்தது. முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கண் அதைப் படிக்கவில்லை!

டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களும் வயதைச் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பெயிண்ட் நிறம் ஒரு கதவில் மட்டும் மாறியிருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா, பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி என மற்றவற்றைப் பார்க்க அரைமணி போதும். மழைக்குப்பின் பிரேக் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய துரு குறையன்று.

எங்கள் கரிவலம்வந்தநல்லூரில் புதுவண்டி முதலில் பால்வண்ணநாதர் கோயில் வாசலுக்குத்தான் வரும். பூசை முடிந்து நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இராகு காலத்துக்குள் வந்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்திட்டுக் கிளம்புவோரே மிகுதி. நல்ல நேரம் பூசைக்கு இருக்கட்டும். வண்டியைப் பார்க்க ஒரு வாரம் முன்பே போய்விட வேண்டும், கூடவே ஊர் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு.