எப்போது நிறுத்துவது? சதுரங்க நிரலும் ஆபிரகாம் வால்டும்

ஒரு சதுரங்க நிரலில் புதிதாகச் சேர்த்த சில வரிகள் அதன் ஆட்டத்தை வலுப்படுத்தினவா என்று அறிய, பழைய வடிவத்தோடு புதிய வடிவத்தை மோதவிட வேண்டும். எத்தனை ஆட்டங்கள் என்பதே சிக்கல். ஆர்பாட் எலோ வகுத்து, 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையில், 2 புள்ளி முன்னேற்றம் என்பது நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 50.3 பெறுவதற்குச் சமம். ஆட்டங்களில் பாதி டிராவில் முடிவதாகக் கொண்டால், 1000 ஆட்டங்களுக்குப் பின்னும் மதிப்பீட்டில் 15 புள்ளி வரை முன்பின் பிழை நிற்கும். அதை 2 புள்ளிக்குக் குறைக்க 50,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வேண்டும்.

இடையிடையே முடிவைப் பார்த்து, சாதகமான நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் குறுக்குவழி ஆபத்தானது. பயனற்ற மாற்றமும் ஏதோ ஒரு கட்டத்தில் தற்செயலாக முன்னிலையில் தோன்றிவிடும்.

இதே வினா 1943-இல் போர்த்தளவாடச் சோதனையில் எழுந்தது. முடிவு முன்னரே தெளிந்துவிட்ட பின்னும் குறித்த எண்ணிக்கை வரை குண்டுகளைச் சுட்டுத் தீர்க்கத்தான் வேண்டுமா? கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் இருந்த ஆலன் வாலிஸும் மில்டன் ஃபிரீட்மனும் அதை ஆபிரகாம் வால்டிடம் கொண்டுசென்றனர். அவர் தந்த விடை ‘தொடர்முறைச் சோதனை’. ஒவ்வொரு முடிவு வந்ததும் இரு கருதுகோள்களின் நிகழ்தகவு விகிதம் கணக்கிடப்படும். முன்கூட்டியே வகுத்த மேல் எல்லையை அது தொட்டால் ஏற்பு, கீழ் எல்லையைத் தொட்டால் மறுப்பு. இடையில் இருந்தால் சோதனை தொடரும். வங்காளச் சணல் சாகுபடிப் பரப்பை அளக்க மகலனோபிஸ் படிப்படியாக நடத்திய முன்னோட்ட ஆய்வுகளைத் தம் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக வால்டே குறித்துள்ளார்.

இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்த வால்ட், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 48.

1991-இல் புனேயின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பரம் 8000, பல செயலிகளை ஓரிடத்தில் இணைத்துப் பெரும் கணக்குகளைப் பகிர்ந்தளித்தது. 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளுக்கு ஸ்டாக்ஃபிஷ் நிரலின் சோதனை ஆட்டங்களைப் பகிர்ந்தளிக்கிறது. அங்கே தீர்ப்பு வழங்குவது வால்டின் விதியே. இருவகைத் தவறுகளுக்கும் 5 விழுக்காடு இடமளித்தால், விகிதத்தின் மடக்கை 2.94-ஐ எட்டும்போது மாற்றம் தேறுகிறது, −2.94-க்கு இறங்கினால் கைவிடப்படுகிறது. குறுகிய நேர ஆட்டங்களில் தேறியது நீண்ட நேர ஆட்டங்களிலும் தேற வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே முடிவைப் பார்ப்பதை வால்ட் தடுக்கவில்லை. பார்த்த பிறகு விதியை வகுப்பதையே தடுத்தார். தரவு திரட்டும் எந்த ஆய்வுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்: எங்கே நிறுத்துவது என்பது முதல் தரவு வருமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.