அரசு அழைத்த ஏழைகள்: சாந்தா கத்தரீனாத் தீவின் குடியேற்றம்

பசியும் போரும் மக்களைப் புலம்பெயரச் செய்த செய்திகள் வரலாற்றில் மிகப் பல. அரசே கப்பல் அமர்த்தி, கருவியும் விதையும் தருவதாக வாக்களித்து, ஏழைகளைத் தொலைதூரத் தீவொன்றில் குடியமர்த்திய செய்திகள் சிலவே. அத்தகைய முயற்சிகளில் அரசின் ஈகையும் அரசின் தேவையும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக் கிடக்கும். பிரேசிலின் தென்கரையை அடுத்துள்ள சாந்தா கத்தரீனாத் தீவில் 1748 முதல் 1756 வரை நடைபெற்ற குடியேற்றம் இதற்குத் தக்க சான்றாகும்.

இரு தீவுகளின் நிலை

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அமைந்த அசோரெஸ், போர்ச்சுகலுக்கு உரிய ஒன்பது எரிமலைத் தீவுகளின் கூட்டம். அங்கு நன்செய் நிலமெல்லாம் மூத்த மகனுக்கே உரிமையாகும் வழக்கத்தால் ஒருசில குடும்பங்களின் கையில் தங்கியது. விளைந்த கோதுமை லிஸ்பனுக்குக் கப்பலேற, விளைவித்தவர் வயிறு வாடினர். 1746இல் தீவினர், தம்மைப் பிரேசிலுக்கு அனுப்புமாறு மன்னர் ஐந்தாம் ஜோவோவிடம் விண்ணப்பித்துக் கொண்டனர்.

அவ்விண்ணப்பம் அரசின் காதில் விழுந்த காலம் கருதத்தக்கது. தென்பகுதியில் எல்லை குறித்து ஸ்பெயினோடு ஓயாப் பூசல் நிலவியது. 1739இல் சாந்தா கத்தரீனாவின் ஆளுநரான ஜோசே த சில்வா பாயிஸ் தீவைச் சுற்றிக் கோட்டைகள் எழுப்பினார். கோட்டை மட்டும் நாட்டைக் காக்காது. வீரர்க்குச் சோறளிக்க உழவர் வேண்டும். நிலம் தனதே எனக் காட்டக் குடிகள் வேண்டும். யார் கைவசம் உள்ளதோ அவர்க்கே நிலம் என்னும் கொள்கையை 1750இல் மத்ரித் உடன்படிக்கை ஏற்றது. ஆகவே, அசோரெஸ் ஏழைகள் உயிருள்ள எல்லைக்கற்களாக நடப்பட்டனர் எனலாம்.

ஆணையில் எழுதிய கொடை

1747 ஆகஸ்டு 9ஆம் நாள் பிறந்த அரசாணை, 4,000 குடும்பங்கள் வரை அனுப்ப வழிவகுத்தது. ஆடவர் நாற்பது வயதுக்கும் மகளிர் முப்பது வயதுக்கும் மேற்படாதவராக இருத்தல் வேண்டும். கப்பற் பயணம் அரசின் செலவு. பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 2,400 ரெயிஸ். குழந்தைக்கு 1,000 ரெயிஸ். குடும்பத்துக்கு ஒரு துப்பாக்கி, இரண்டு மண்வெட்டி, ஒரு கோடரி, சுத்தியல், இரண்டு கத்திரிக்கோல், அரம் சேர்ந்த ஒரு வாள், விதை, இரண்டு பசு, ஒரு பெண் குதிரை, முதலாண்டுக்கு மாவு ஆகியன வழங்கப்பெறும். இன்றைய கணக்கில் அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் உண்டு. ஈராண்டுக்குள் குடியமர்வோர்க்குச் சம்பளப் படையில் சேரும் கடமையிலிருந்து விலக்கும் உறுதி கூறப்பட்டது.

கத்திரிக்கோல் வரை எண்ணி எழுதிய இவ்வாணையைப் படிப்போர், ஏழையின் வீட்டுத் தேவையை அரசு இத்துணை நுணுகி அறிந்திருந்ததே என வியப்பர். அப்பட்டியலில் துப்பாக்கியே முதற்கண் நிற்பதும் நோக்கத்தக்கது.

கரையேறிய பின்

1748இன் தொடக்கத்தில் முதற் கப்பல்கள் வந்தன. ஏறத்தாழ 6,000 பேர் எட்டாண்டுகளில் வந்து சேர்ந்தனர். கப்பலில் பெண்கள் தனியிடத்தில் பூட்டிக் காக்கப்பெற்றனர். நெரிசலாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கரையேறியோர்க்கும் ஆணையில் கண்ட அளவு நிலம் பலருக்குக் கிட்டவில்லை; கருவிகளும் கால்நடைகளும் குறைந்தும் காலந்தாழ்ந்தும் வந்தன. படைவிலக்கு ஏட்டளவில் நின்றது; உழவன் மீண்டும் மீண்டும் காவற்பணிக்கு இழுக்கப்பட்டான். அவன் விளைத்த மாவையும் படைக்கென அரசு எடுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பின் 1777இல் ஸ்பானியப் படை வந்தபோது, கோட்டைகள் பெரும்போர் எதுவுமின்றி வீழ்ந்தன. அவ்வாண்டே ஏற்பட்ட உடன்படிக்கையால் தீவு போர்ச்சுகலுக்கு மீண்டது. கோட்டையைக் காக்க அழைக்கப்பெற்ற குடிகளோ கோட்டை வீழ்ந்த பின்னும் நிலத்தில் நிலைத்தனர்.

கோதுமையும் மரவள்ளியும்

அவர்கள் நம்பிவந்த கோதுமை அம்மண்ணில் செழிக்கவில்லை. கரிஜோ எனப்பட்ட பழங்குடியினர் விட்டுச்சென்ற மரவள்ளியே வாழ்வளித்தது. கோதுமை அரைத்துப் பழகிய கைகள், எருது சுழற்றும் பற்சக்கர ஆலைகளை அமைத்துக் கிழங்கை மாவாக்கின. தென் அமெரிக்காவிலிருந்தே நம் நாட்டுக்கும் வந்து, சேலத்துப் புன்செய்களில் இன்று பரந்து விளையும் அதே கிழங்குதான் அது. பெண்கள் திண்டின்மீது நூல்கட்டைகளை உருட்டிப் பின்னும் சரிகைக் கலை, நாகர்கோவில் வட்டாரத்தார்க்கு அயலானதன்று. லகோவா த கொன்செய்சாவோ முதலிய ஊர்களில் அக்கலை இன்றும் வாழ்கின்றது.

ஒன்றை மறத்தலாகாது. கரிஜோ மக்கள் அடிமை வேட்டையாலும் நோயாலும் அழிந்த நிலத்தில்தான் இக்குடியேற்றம் நிகழ்ந்தது. திமிங்கில எண்ணெய் காய்ச்சும் கொட்டில்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். இவ்விருவர்க்கும் அரசு எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

தீவின் தலைநகர் அந்நாளில் தெஸ்தேரோ எனப்பட்டது. அன்னை மரியாள் குழந்தையுடன் எகிப்துக்குத் தப்பிச் சென்றதைக் குறிக்கும் அச்சொல்லுக்கு நாடு நீங்கல் என்பது பொருள். 1894இல் அந்நகர் புளோரியானோபொலிஸ் எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறினும், அதன் தொடக்கம் நமக்குணர்த்தும் உண்மை மாறவில்லை. ஏழையை இடம்பெயர்க்கும் அரசின் அறத்தை, அது எழுதித் தந்த வாக்கினால் அளத்தல் போதாது. கரையேறிய பத்தாம் ஆண்டில் அவன் கையில் எஞ்சியதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவுகோலில் போர்த்துக்கேய அரசு தாழ்ந்தே நிற்கின்றது. கிழங்கைக் கற்று ஊர் சமைத்த அம்மக்களே உயர்ந்து நிற்கின்றனர்.