எட்டும் பத்தும் இரண்டாயிரமும்

திண்டிவனத்தில் கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்றைக்கு அது நகரத்தோடு ஒட்டிப் போய்விட்டது. சங்க காலத்தில் அது ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடைய ஊர். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டதுதான் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பசியோடு போகும் பாணனுக்கு அங்கே என்னென்ன கிடைக்கும் என்று அந்தப் பாட்டில் ஒரு ஜாபிதாவே வருகிறது. நல்ல துணி, நல்ல சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வண்டி! கை தேர்ந்த தச்சர்கள் செய்த வண்டி. குதிரையையும் ஓட்டத்தில் தோற்கடிக்கும் காளை. அதை ஓட்டுவதற்கு ஓர் ஆள் வேறு.

பாணன் பாடு யோகம்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்கள் வண்டி வாங்குவது தவணை முறையில். பல்லை மட்டுமா, வாலையும் குளம்பையும்கூடப் பார்த்தாக வேண்டும்.

அதே திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் சேர்த்த பணத்தில் வாழ்நாளிலேயே முதன்முதலாக ஒரு கார் வாங்கப் போகிறார். மனைவிக்கு முழங்கால் வலி. மாதம் ஒரு முறை புதுச்சேரிக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியவில்லை. பெண்ணை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறார். பேரன் பிறந்தநாள், நல்லது கெட்டது என்று அங்கேயும் போகவேண்டும். ஒரே கம்பெனி, ஒரே யந்திரம், வண்டி மட்டும் இரண்டு தினுசு. ஒன்று வெறும் வண்டி. இன்னொன்றில் சகல சௌகரியமும் உண்டு. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசம். "எதை வாங்குவது, சொல்லும்!" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு லட்சம் என்பது அவருக்கு அலட்சியமான தொகை அல்ல. அது நாளைக்கு ஓர் அறுவை சிகிச்சைக்கு வேண்டிய பணமாக இருக்கலாம். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. சரித்திரத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தச் சரித்திரத்தில் பெரும் பகுதி அவர் வீட்டு வாசலிலிருந்து போகும் சாலையிலேயே நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

திண்டிவனத்திலிருந்து சென்னையை நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கற்பட்டு தாண்டினால் வண்டலூர் வரும். அந்த வட்டாரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், ஸ்டாண்டர்டு என்ற ஆங்கிலக் கம்பெனியின் கூட்டுறவோடு ஆரம்பிக்கப்பட்டது அது. முதலில் வந்தது வான்கார்டு என்னும் பெரிய வண்டி. அதன் யந்திரத்துக்கும் அக்காலத்து பெர்குசன் டிராக்டரின் யந்திரத்துக்கும் நெருங்கிய உறவு. உழவுக்குப் பிறந்த வம்சம் என்பதால் உழைப்புக்கு அஞ்சாது.

அதற்குப் பிறகு சின்ன வண்டிகள் வந்தன. ஒன்றின் பெயர் எட்டு. மற்றொன்றின் பெயர் பத்து. ஏதோ வாய்பாட்டுப் பெயர்கள் மாதிரி இருக்கிறதல்லவா? இந்த எட்டின் பிறப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பிந்தைய இங்கிலாந்தில், 1953-ல், சாமானியனும் வாங்கக்கூடிய விலைக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்று அந்தக் கம்பெனி தீர்மானித்தது. 803 சி.சி. யந்திரம். அதில் குறை வைக்கவில்லை. மற்றதில் எல்லாம் கத்தரியைப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்க முடியாது. பக்கவாட்டில் தள்ளத்தான் முடியும். மழைத் தண்ணீரைத் துடைக்க ஒரே ஒரு வைப்பர். பின்னால் பெட்டி வைக்க இடம் உண்டு. ஆனால் அதைத் திறக்க வெளியிலிருந்து மூடி கிடையாது! பின் ஸீட்டை மடக்கி, உள்ளே தலையைக் கொடுத்து, மூட்டை முடிச்சுகளை இழுக்க வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? அடுத்த வருஷமே சுற்றி இறக்கும் ஜன்னலோடு ஒரு 'டீலக்ஸ்' எட்டு வந்தது. அதே 1954-ல் இன்னும் பெரிய யந்திரத்தோடும் கூடுதல் வசதியோடும் பத்து வந்தது. 1957-ல் எட்டுக்குப் பின்புற மூடியும் வந்து சேர்ந்தது. கத்தரித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுக்கவேண்டி வந்தது.

இது எட்டுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ல் டி மாடலை விட்டார். 850 டாலரில் தொடங்கிய விலை, வருஷங்கள் போகப் போக 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார். உலகத்தைச் சக்கரத்தில் ஏற்றியவர் அவர்தான். ஆனால் எதிர்க்கடைக்காரர்கள் மூடிய உடலும், விதவிதமான வர்ணமும், கௌரவமான தோற்றமும் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அதே ஜனங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து செவர்லேயை வாங்கினார்கள். 1927-ல் டி மாடலை நிறுத்தவேண்டி வந்தது. எளிமையால் பிறந்த வண்டி எளிமையாலேயே மாண்டது.

'ஆஹா, அப்படியானால் சௌகரியந்தான் ஜெயிக்கும்!' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுபடியும் வண்டலூருக்கு வாருங்கள்.

1961-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் கொடுத்த வண்டி. முன்பக்கம் முழுவதையும், சக்கரத்தை மூடும் தகடுகள் உள்பட, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தலாம். முதலை வாயைத் திறந்தது போல் யந்திரம் முழுவதும் தெரியும். இரண்டே கதவுகள். நம் ஊர்க் குடும்பத்தில் பாட்டி, மாமி, குழந்தை குட்டி எல்லாரும் முன் ஸீட்டை மடக்கிப் பின்னால் போய் உட்கார்ந்து எழுந்து வருவது ஒரு வித்தை. பின்னால் இங்கேயே நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்திலேயே இல்லாத அவதாரம் அது. வாங்குகிறவனுடைய வீட்டைப் பார்த்து வண்டியைத் திருத்திய அழகான உதாரணம் என்று இதைச் சொல்வேன்.

பிறகு 1985 வந்தது. அதே தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வெளிவந்தது. இங்கிலாந்தில் ரோவர் என்று பேர் வாங்கி, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் பெற்ற வண்டியின் உடல் அதற்கு. விசாலம், வழவழப்பு, ராஜ தோரணை. எட்டில் இல்லாதது எல்லாம் இரண்டாயிரத்தில் இருந்தது. ஆனால் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது பழைய வான்கார்டு வம்சத்து யந்திரம்! பட்டு அங்கவஸ்திரம் போர்த்திய பழைய உழவு மாடு. பெட்ரோலைக் குடித்தது, விலையும் ஏகமாக இருந்தது. 1988-ல் தொழிற்சாலை நின்றுபோயிற்று.

ஒரே பெயர். எட்டில் யந்திரத்தை விட்டுவிட்டுச் சௌகரியத்தைக் குறைத்தார்கள்; ஜனங்கள் சௌகரியத்தைக் கேட்டு வாங்கினார்கள். இரண்டாயிரத்தில் சௌகரியத்தைக் கூட்டி யந்திரத்தில் ஏமாந்தார்கள். ஜனங்கள் தொழிற்சாலையையே கைவிட்டார்கள். முதல் தப்பு மன்னிக்கப்பட்டது. இரண்டாவது தப்புக்கு மன்னிப்பு இல்லை.

விழுப்புரத்தில் பாண்டி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார். "ஐயா, ஜன்னலைச் சுத்துறதுக்குக் கைப்பிடி இல்லேன்னு எவனும் என்கிட்ட வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்ததில்லை. விக்கிரவாண்டி தாண்டி நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னுதான் வருவான்" என்றார். முப்பது பக்கத்தில் எழுதவேண்டிய சரித்திரத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எட்டின் கதை அதோடு முடிந்ததா? இல்லை. 56 வருஷம் கழித்து அச்சு அசலாகத் திரும்பி வந்தது. 2009-ல் டாட்டா கம்பெனி நானோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழையில் ஒரு ஸ்கூட்டரில் குடும்பம் முழுவதும் போவதைப் பார்த்து ரத்தன் டாட்டாவின் மனத்தில் உதித்த வண்டி. ஒரு லட்சம் ரூபாய் என்று உலகமே பேசியது. எண்ணம் உயர்ந்தது, அதைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் எங்கே கத்தரி போட்டார்கள் என்று பாருங்கள். ஒரே ஒரு வைப்பர். பின்புறத்தில் திறக்க மூடி கிடையாது. பின் ஸீட்டை மடக்கித்தான் பெட்டியை எடுக்கவேண்டும். மலிவான தினுசில் குளிர்சாதனமும் கிடையாது. 2015-ல் பின்புறம் திறக்கும் நானோ வந்தது. 2018-ல் வண்டியே நின்றுவிட்டது. அதற்கு மேல் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. 'உலகத்திலேயே மலிவான கார்' என்று தமுக்கடித்து விட்டால், அதை வாங்கி வாசலில் நிறுத்த யாருக்கு ஆசை வரும்? பணம் குறைவாக இருப்பது வேறு. அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு போவது வேறு.

இதோடு 1983 டிசம்பர் 14-ஆம் தேதி வந்த மாருதி 800-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் வெறும் வண்டிதான். முதல் விலை 47,500 ரூபாய். ஆனால் நான்கு கதவு இருந்தது. பின்னால் திறக்க வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் சாவியைத் திருப்பினால் புறப்பட்டது. வேண்டுமென்கிறவர்களுக்குக் குளிர்சாதன வண்டி தனியாக இருந்தது. வாங்கியவனைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. 2014 வரையில், முப்பது வருஷம், ஒரு தலைமுறையையே அது சுமந்தது.

ஆக, வெறும் வண்டி தோற்றதும் உண்டு, ஜெயித்ததும் உண்டு. சொகுசு வண்டிக்கும் அப்படித்தான். எவ்வளவு குறைத்தார்கள் என்பது கேள்வி அல்ல. எதைக் குறைத்தார்கள் என்பதே கேள்வி. அலங்காரத்தைக் குறைத்தால் வண்டி எளிமையாகிறது. உட்காருகிறவனுடைய உடம்புக்கும் மானத்துக்கும் வேண்டியதைக் குறைத்தால் அது தரித்திரமாகிறது. உயிருக்கு வேண்டியதைக் குறைத்தாலோ? அதற்குப் பெயர் வேறு.

இந்த மூன்றாவது விஷயத்தில் நாம் வெகு காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். 2014 ஜனவரியில் ஒரு சர்வதேசக் குழுவினர் இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுச் சோதனை செய்தார்கள். ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அவற்றில் ஒன்று வோக்ஸ்வாகன் போலோ. அதே போலோவில் காற்றுப்பை வைத்த தினுசை மோதவிட்டார்கள். அதற்கு நான்கு நட்சத்திரம்! அதாவது, வெறும் வண்டிக்கும் நல்ல வண்டிக்கும் இருந்த வித்தியாசம் மெத்தையிலோ பாட்டுப் பெட்டியிலோ இல்லை. ஓட்டுகிறவன் வீடு திரும்புவதிலே இருந்தது. இதை விலைப் பட்டியலில் மெத்தைக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாகப் போட்டு, "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று விட்டிருந்தார்கள்.

சர்க்கார் விழித்துக்கொண்டது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் கட்டாயமாயிற்று. முன்னால் இரண்டு காற்றுப்பைகள் என்பது 2022 ஜனவரியிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் விதியாயிற்று. வெறும் வண்டியை வாங்குகிறவனுக்கும் உயிர் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு எத்தனை வருஷம் பிடித்திருக்கிறது, பாருங்கள்! இன்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நால்வழிச் சாலை. லாரிகளும் வெளியூர்ப் பஸ்களும் பறக்கின்றன. நல்லியக்கோடனின் காளையை அங்கே விட்டால் அதுவே மிரண்டுபோகும்.

நண்பருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "பட்டியலை எடுத்து மூன்று பாகமாகப் பிரியும். உயிரைக் காப்பது ஒரு பாகம். அதில் ஒன்றையும் விடாதீர். உம் மனைவியின் முழங்காலுக்கும் முதுகுக்கும் வேண்டியது இன்னொரு பாகம். ஏற இறங்கச் சுலபமான ஸீட்டு, சித்திரை வெயிலில் புதுச்சேரி போய்வரக் குளிர்சாதனம். அதற்கும் தாராளமாகக் கொடும். மூன்றாவது பாகம், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக உள்ளது. அந்தப் பணத்தை பாங்கியில் போட்டு வையும்."

அவர் அப்படியே பிரித்துப் பார்த்தார். இரண்டு லட்சத்தில் பெரும் பகுதி மூன்றாவது பாகத்தில் போய் விழுந்தது என்று எழுதியிருக்கிறார். கடைசியில் அவர் எடுத்தது வெறும் வண்டியும் இல்லை, சகல சௌகரியமும் உள்ள வண்டியும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒன்று. கடைக்காரருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லையாம்.

கடைக்காரர் எட்டைக் காட்டுவார், இரண்டாயிரத்தையும் காட்டுவார். நம் வீட்டுக்கு எது வேண்டும் என்பதை மட்டும் அவர் அறியமாட்டார். அதை அறிந்தவர்கள் நாம்தாம். வாங்குகிறவர்கள் அதைத் தெளிவாகக் கேட்ட போதெல்லாம் செய்கிறவர்கள் வண்டியைத் திருத்தியிருக்கிறார்கள். ஹெரால்டுக்குக் கூடுதலாக வந்த இரண்டு கதவுகளே இதற்குச் சாட்சி.