காந்த ஊசியும் கடலடி நிலமும்

நிலத்தைத் தோண்டாமலே அதன் அடிவயிற்றில் இருப்பதை அறிய இயலுமோ? இயலும் என்பதற்குத் திருவனந்தபுரம் முதல் அந்தமான் வரை நீளும் ஒரு வரலாறு சான்று பகர்கிறது.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் கண்டார். 1852-இல் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளை உள்ளூர் உதவியாளரைக் கொண்டு முறையாகப் பதிவு செய்வித்தார். 1855-இல், நாம் பொதிகை எனப் போற்றும் அகத்தியமலையின் மீதும் ஒரு நிலையம் அமைத்தார்.

ஊசி ஏன் அசைகிறது? பகற்பொழுதில், காந்த நடுக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதனை நேரில் ஆராய்வதற்கென்றே, அந்நாளில் அக்கோட்டின் அருகே இருந்ததும் கழக்கூட்டத்தை அடுத்ததுமான தும்பா என்னும் மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது.

வானத்து மின்னோட்டம் மாறுந்தோறும் மண்ணுக்குள்ளும் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. விரைந்து மாறும் அலைவுகள் மேலடுக்கிலேயே அடங்கிவிடும். மெல்ல மாறுவன ஆழம் வரை செல்லும். தரையில் தோன்றும் மின்புலத்தைக் காந்தப்புல மாறுதலோடு ஒப்பிட்டால், எந்த ஆழத்தில் எத்தகைய பாறை உண்டு என்பது புலப்படும். ருஷிய அறிஞர் டிகோனவ் 1950-லும், பிரெஞ்சு அறிஞர் கான்யார் 1953-லும் இம்முறைக்கு அடிகோலினர்.

தென்னாட்டு நிலையங்களின் பதிவுகளில், வானோட்டத்தால் மட்டும் விளக்கவொண்ணாத மாறுதல்கள் தென்பட்டன. நமக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நீரிணைப் பகுதியில் மின்னோட்டம் குவிவதே காரணம் என 1970-களில் ஆய்வாளர் கருதினர்.

அந்தமானிலோ நிலைமை வேறு. அங்கே இந்தியத் தட்டு, பர்மியத் தட்டின் கீழே புதைந்து செல்கிறது. புதையும் பாறை கடல்நீரையும் உடன் சுமந்து செல்லும். ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்நீர் பிழியப்பட்டு மேலேறும். உலர்ந்த பாறை மின்சாரத்தைத் தடுக்கும். நீர் ஊறிய பாறையோ எளிதில் கடத்தும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, இந்தியப் புவிகாந்தவியல் கழகத்தார் அத்தீவுகளின் அடிநிலத்தை ஆராய்ந்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர்.

2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திரா முதல் அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அத்தட்டெல்லை பிளந்தது. அந்தமானில் குடியேறிய தமிழரும் நாகைக் கரையினரும் ஒரே காலையில் ஒரே பேரலைக்கு உற்றாரை இழந்தனர். அடுத்த அதிர்வு எந்நாள் என்று இவ்வாய்வு கூறாது. எனினும், நீர் எங்கே ஊறுகிறது, பாறை எங்கே இறுகி நிற்கிறது என்றறிவது, ஆபத்தை அளந்தறியத் துணைபுரியும். கடலோரம் வாழும் நமக்கு அது சிறிய உதவியன்று.